பதினேழாம் குகையின் கூரையில் ஓர் அம்புக்குறி

போன வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றேன். அன்று சாயங்காலம், கேக் வெட்டக் கூப்பிடுவதற்குச் சற்று முன்பு, என் மேசைக்கு ஒரு பழுது அறிக்கை வந்தது. புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் எழுதியது. "பதினேழாம் குகை. கூரைப் பாறையில் சிவப்பு நிறத்தில் சின்ன அம்புக்குறி. எதையும் காட்டவில்லை. தேவையற்றது. நீக்கவும்." படமும் இணைத்திருந்தார். சுத்தமான அறிக்கை. எழுதியவர் யார் என்று சொல்லிக் கூச்சப்பட வைக்க மாட்டேன். ஜன்னல் ஓரம், மூன்றாவது மேசை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதற்குப் பதில் எழுதாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐந்து வருட வேலையில் பதில் எழுதாமல் விட்ட ஒரே அறிக்கை அதுதான். மைக் கொடுத்துப் பேசச் சொன்னபோதும் "எல்லாருக்கும் நன்றிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மைக் ஆகாது. பதிலை இப்போது எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும். பழுது அறிக்கை எழுதுவது எப்படி என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும்.

நான் இந்த வேலைக்கு வந்ததே ஒரு வேடிக்கை. பத்தொன்பது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என எது இருந்தாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, சரி செய்ய அனுப்புகிற வேலை. அந்த யூனிட்டை மூடியபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வேலை தேடி முதலிபாளையம் தொழிற்பேட்டைக்குள் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கேட்டில் "செக்கிங் ஆட்கள் தேவை" என்று போர்டு தொங்கியது. மாடியேறிப் போனேன். தையல் மெஷின் ஒன்றுகூட இல்லை. ஏசி போட்ட அறையில் ஏழெட்டுப் பேர் கம்ப்யூட்டரில் மீன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் முதலாளியை உங்களுக்குத் தெரியும். பனியன் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, அப்பாவின் துணி குடோனுக்கு மேல் மாடியில் வீடியோ கேம் செய்ய ஆரம்பித்தவர். விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் வேண்டும் என்றால் எப்படி விளம்பரம் செய்வது என்று தெரியாமல், நம் ஊர் வழக்கப்படி கேட்டில் போர்டு மாட்டிவிட்டார். வந்து நின்றது நான்.

"கேம் ஏதாச்சும் விளையாடியிருக்கீங்களாங்க அக்கா?" என்றார்.

"இல்லீங்க."

"அப்புறம் எப்படீங்க பழுது கண்டுபுடிப்பீங்க?"

"அந்த நீல மீனுக்கு எடது பக்கத்துக் கண்ணு, வலது பக்கத்தவிடச் சித்தே மேல இருக்குதுங்க. அது அப்படித்தானுங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள். மறுநாள் காலை எட்டரைக்கு வரச் சொன்னார். நூல் வெட்டும் டிரிம்மரையும் ஸ்டிக்கர் ரோலையும் மறக்காமல் பையில் எடுத்து வைத்துக்கொண்டு போனேன்.

நம் கடல் விளையாட்டு உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு அன்று அப்படியில்லை. நான் பொங்கலூர்க்காரி. தோட்டத்தில் கிணறு இருந்தும் நீச்சல் பழகாதவள். கடலை நேரில் பார்த்தது ஒரே தடவை, திருச்செந்தூரில், கணுக்கால் நனைகிற அளவுக்கு. இங்கே கடலின் அடிவரைக்கும் போக வேண்டும் என்றார்கள். மூழ்குகிற ஆளுக்குத் திரையின் ஓரத்தில் ஒரு நீலக் கோடு. அது அவனுடைய மூச்சு. குறைந்துகொண்டே வரும். தீருவதற்குள் ஏதாவது ஒரு குகைக்குள் நுழைந்து, உள்ளே மேலே எழும்பினால் அங்கே காற்று தேங்கியிருக்கும். தலையை நீட்டினால் கோடு நிறையும். மறுபடி மூழ்கலாம். இப்படி நாற்பது குகைகள். அவை இல்லாவிட்டால் ஆழத்துக்குப் போகவே முடியாது.

அந்தக் குகைகளைச் செய்தவர் செல்வின். தூத்துக்குடிப் பக்கம். அப்பா, அம்மா இருவரும் இங்கே வந்து தையலில் உட்கார்ந்து அவரைப் படிக்க வைத்தார்கள். படிக்கும்போது லீவு நாட்களில் அவரும் ஓவர்லாக் தையல் மெஷின் மிதித்தவர்தான். இந்த வேலை கிடைத்தபோது அவருடைய அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தார்களாம்.

கடலுக்கடியில் எப்படிக் காற்று இருக்கும் என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். "தண்ணி ரொம்பாதுங்களா? எனக்கே காது குத்தறீங்களா?" என்றேன். அவர் ஒரு எவர்சில்வர் டம்ளரின் அடியில் காகிதத்தைத் திணித்து, கைகழுவும் வாளியில் குப்புறக் கவிழ்த்து அமுக்கி, வெளியே எடுத்துக் காட்டினார். காகிதம் நனையவில்லை. "இவ்வளவுதாம்க்கா குகை" என்றார். நானும் ஒருதரம் கவிழ்த்துப் பார்த்து ஒத்துக்கொண்டேன்.

ஆனால் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. திரையில் அந்த ஆள் மூழ்கினால் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். வேண்டுமென்று செய்வதில்லை, தானாக வரும். அவன் குகையில் தலையை நீட்டும்போதுதான் நானும் மூச்சு விடுவேன். முகம் சிவந்து, கண் பிதுங்கி, பிறகு புஸ்ஸென்று ஒரு சத்தம். முதல் வாரம் எல்லாரும் எனக்கு இரத்த அழுத்தம் என்று நினைத்துக்கொண்டு மோர் வாங்கிக் கொடுத்தார்கள். வழி தெரியாமல் குகைக்கு வெளியே சுற்றிய நாட்களில் நிஜமாகவே தலை கிறுகிறுத்தது. அந்தப் பழக்கம் கடைசிவரை என்னை விட்டுப் போகவில்லை.

இன்னொரு பழக்கமும் போகவில்லை. பழுது கண்டால் கை தானாக ஸ்டிக்கர் ரோலுக்குப் போகும். மானிட்டர் மேலேயே ஒட்டிவிடுவேன். ஒட்டிய பிறகு திரையில் மீன் நகர்ந்து போய்விடும், கடல் மாறிவிடும், ஸ்டிக்கர் மட்டும் நிற்கும். செல்வின் வந்து பார்த்துவிட்டு, "எக்கா, இது இப்ப எதைக் காட்டுது?" என்பார்.

"இங்க ஒரு ஆமை இருந்துச்சுங்க. அதுக்கு ஓடு ஒட்டல."

"ஆமை எங்க போச்சு?"

"அது எனக்கென்னங்க தெரியும். நீங்கதான் நீந்த விட்டீங்க."

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாக ஏழு மாதம் போனது. அப்போதுதான் பையர் வருகிறார் என்று செய்தி வந்தது. வெளிநாட்டில் இந்த விளையாட்டை எடுத்து வெளியிடுகிறவர்களின் ஆள். பனியன் வாங்க வரும் வெளிநாட்டுக்காரரைப் பையர் என்றே சொல்லிப் பழகிய நம் ஊர் வாய்க்கு அவரும் பையர்தான். அவருக்குப் பிடித்தால் மாடி நிற்கும். பிடிக்காவிட்டால் மாடியிலும் துணி மூட்டை அடுக்கிக்கொள்ளலாம் என்று பெரியவர், அதாவது முதலாளியின் அப்பா, ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் இன்றுவரை நம்மை "மீன் கம்பெனி" என்றுதான் சொல்கிறார்.

முதலாளி செல்வினைக் கூப்பிட்டு என் எதிரிலேயே சொன்னார். "அவங்க பாக்கோணும்னு கேட்டதே குகைங்களத்தானுங்க செல்வின். அதுல ஏதாச்சும் சொதப்புச்சுன்னா, குகை வேலைய வெளிய குடுத்தறலாம்னு அப்பா சொல்றாரு. அப்புறம் உங்கள வெச்சு நான் என்னங்க பண்றது?" கோபமாகச் சொல்லவில்லை. நம் பக்கத்தில் வேலையை விட்டுப் போகச் சொல்வதைக்கூட மரியாதையாகத்தான் சொல்வார்கள். செல்வின் தலையை ஆட்டினார். அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

பையர் வருவதற்கு இரண்டு நாள் முன்பு செல்வின் குகைகளை முடித்து என்னிடம் கொடுத்தார். "எக்கா, ஒண்ணு விடாம பாத்துருங்க. ஒவ்வொண்ணும் கையால வெச்சது" என்றார். கேட்டேன். காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்றால், பனியன் கம்பெனியில் கடைசி ஆறு வருடம் நான் இருந்தது ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில். அங்கே ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் தைத்து வந்த சரக்கு, முழுவதையும் பிரித்துப் பார்க்க மாட்டோம். இந்தப் பெட்டியில் ஒன்று, அந்தப் பெட்டியில் ஒன்று என்று சிலதை உருவிப் பார்ப்போம். உருவியது சரியென்றால் லாட்டே பாஸ். ஒரே துணி, ஒரே கட்டிங், ஒரே லைன் என்பதால் அது நியாயமான முறை. நான் நாற்பது குகையையும் ஒரு லாட்டாக நினைத்தேன். எட்டை உருவிப் பார்த்தேன். எட்டும் பழுதில்லை. படிவத்தில் "நாற்பது குகை, பாஸ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மீதி நேரத்தில் மீன்களின் செதில்களைச் சரிபார்த்தேன். என் கண்ணின் மேல் எனக்கு அவ்வளவு திமிர்.

பையர் வந்தார். என் வயதுப் பெண்மணி. வெள்ளைக்காரர். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார், பேச்சு குறைவு. வணக்கம் சொல்லும்போதே பார்த்துவிட்டேன், அவர் போட்டிருந்த டீ சர்ட்டின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு தொப்புள் பக்கமாக வந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பையரைக் கவனிப்பதில் பெரியவர் கைதேர்ந்தவர் என்பதால் அவரும் வந்திருந்தார். சந்தன மாலை, இளநீர், மதியச் சாப்பாட்டுக்குப் பெரிய ஓட்டலில் மேசை. முதலாளி பெரிய டிவியில் விளையாட்டைப் போட்டு, எந்தெந்தக் குகை வழியாகப் போவது என்று எழுதி வைத்த தாளைக் கையில் வைத்திருந்தார். எவை நன்றாக இருக்கின்றன என்று என்னைக் கேட்டு எழுதியது, எல்லாம் நான் பார்த்த எட்டு. பையர் அந்தத் தாளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், கையை நீட்டி விளையாடும் கருவியைத் தானே வாங்கிக்கொண்டார். எந்தப் பெட்டியை முன்னால் நகர்த்தி வைத்தாலும் பின்னாலிருந்து ஒரு பெட்டியை இழுக்கிற பையர்களை நான் பார்த்திருக்கிறேன். இவரும் அந்த ரகம்.

நேராகக் கீழே போனார். எட்டையும் தாண்டினார். நீலக் கோடு கால்வாசிக்கு வந்தபோது பதினேழாம் குகைக்குள் நுழைந்தார். நான் வழக்கம்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர் மேலே எழும்பினார். தண்ணீரைப் பிளந்துகொண்டு தலை வெளியே வந்தது. மேலே பாறைக் கூரை, சுற்றிலும் காற்று, எல்லாம் அழகாகத் தெரிந்தது. நீலக் கோடு நிறையவில்லை. குறைந்துகொண்டே போனது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு குகையிலும் கண்ணுக்குத் தெரிகிற காற்று ஒன்று, மூச்சுக்கு உதவுகிற காற்று ஒன்று என இரண்டையும் செல்வின் தனித்தனியே வைத்திருந்தார். என்னிடம் கொடுப்பதற்குச் சற்று முன்பு பதினேழாவது குகையைக் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறார். தெரிகிற காற்று கூடவே வந்தது. மூச்சுக் காற்று கீழேயே பாறைக்குள் மாட்டிக்கொண்டது. போய்ப் பார்த்திருந்தால் ஐந்து விநாடியில் தெரிந்திருக்கும்.

எனக்குப் பக்கத்தில் மெயின் சுவிட்ச். பெரியவர் எதிர் வரிசையில் இருந்தார். என்னைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், கண்ணை மெதுவாக ஒருதரம் மூடித் திறந்தார். பனியன் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்தக் கண்ணசைவு புரியும். மோசமான பெட்டியைப் பையர் பிரிக்கப் போகும் நேரத்தில் கரண்ட் போகும். விளக்கு வருவதற்குள் பெட்டி மாறும். நம் ஊரில் கரண்ட் போவதை எவரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

என் கை சுவிட்சின் மேல் போய்விட்டது. மறைக்க மாட்டேன், போனது. செல்வினைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்து, உதடு காய்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அணைத்தால் இப்போதைக்கு அவர் தப்பிப்பார் என்று தோன்றியது. அடுத்த நொடி வேறொன்றும் தோன்றியது. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது இதே குகைக்கு வருவார்கள். அப்போது என் படிவத்தை எடுத்துப் பார்ப்பார்கள். "நாற்பது குகை, பாஸ்." செக்கிங் சரி, அப்புறம் கெடுத்தது செய்தவர்தான் என்று ஆகும். என் கையெழுத்து என்னைக் காப்பாற்றும், அவரை வீட்டுக்கு அனுப்பும்.

இதையெல்லாம் யோசித்து நிதானமாக முடிவெடுத்தேன் என்று உங்களிடம் சொல்லத்தான் ஆசை. நடந்தது என்னவென்றால், டிவியில் அந்த ஆளுக்கு மூச்சு தீரத் தீர எனக்கும் தீர்ந்துவிட்டது. அவன் செத்தான். நான் எருமை கனைக்கிற மாதிரி "ஹ்ஹா" என்று சத்தமாக மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். அறையே திரும்பிப் பார்த்தது. என் கை சுவிட்சில் இருப்பதையும் எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எதை மறைப்பது?

கையை எடுத்தேன். பையிலிருந்து ஸ்டிக்கர் ரோலை எடுத்தேன். டிவிக்கு முன்னால் போய், செத்து மிதக்கிறவன் தலைக்கு மேல் ஒரு அம்புக்குறியைக் கிழித்து ஒட்டினேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினேழாம் நம்பர் குகைங்க" என்றேன். "காத்து தெரியுது, மூச்சுக்கு வரலீங்க. நாப்பதுல நான் எட்டுத்தானுங்க பாத்தேன். பாக்காம பாஸ் போட்டது நானுங்க. ஒவ்வொண்ணும் கையால வெச்சதுன்னு செஞ்சவரு சொன்னாரு. நாந்தான் கேக்கலீங்க."

முதலாளி ஆங்கிலத்தில் சொன்னார். நான் சொன்னதில் பாதி நீளம்கூட இல்லை. அதற்குள் செல்வின் எழுந்துவிட்டார். "இல்ல சார், அதை மேல தூக்கி வெச்சது நாந்தான். தப்பு என் மேல. அக்காவச் சொல்லாதிய" என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா உக்காருங்க. பாஸ் போட்டது நானு" என்றேன்.

"தூக்குனது யாரு? நீங்களா தூக்குனிய?"

"தூக்கறது உங்க வேல. பாக்கறது என்ற வேல. பாக்காதது என்ற தப்புங்க."

பையர் முன்னால் ஒரு பழுதுக்காக இரண்டு பேர் அடித்துக்கொள்வதைப் பெரியவர் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை. இளநீரைக் கையில் வைத்தபடி வாய் திறந்து நின்றார். பையர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் ஏதோ கேட்டார். "நீங்க எதைப் பாத்தாலும் இப்படித்தான் பழுது தேடுவீங்களான்னு கேக்கறாங்க" என்றார் முதலாளி.

"ஆமாங்க. வந்ததுமே பாத்தேன். அம்மணி போட்டிருக்கற டீ சர்ட்டுல பக்கத் தையலு முறுக்கியிருக்குதுங்க. துணி சரியா செட் ஆகறதுக்கு முன்னால வெட்டிட்டாங்க. எங்க கிட்ட வந்திருந்தா ரிஜெக்ட்டுங்க."

முதலாளி இதை மொழிபெயர்க்க மாட்டேன் என்று தலையை ஆட்டினார். செல்வின் மொழிபெயர்த்தார். அந்த அம்மா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். தையலைப் பிடித்துத் திருப்பி இடுப்புக்குக் கொண்டு போனார். விட்டதும் அது மறுபடி வந்தது. அன்று அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

சிரித்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மீதி முப்பத்தொன்றையும் என் எதிரிலேயே பாருங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பெரிய ஓட்டல் சாப்பாடு பொட்டலமாக மாடிக்கு வந்தது. நான் ஒவ்வொரு குகையாக மூழ்கினேன். மூச்சைப் பிடித்தேன், விட்டேன். பத்தாவது குகைக்கு மேல் அந்த அம்மாவும் என்னோடு சேர்ந்து மூச்சைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு கிழவிகள் ஒரே நேரத்தில் புஸ்ஸென்று மூச்சு விடுவதைப் பார்த்துப் பெரியவர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார். இன்னும் இரண்டு குகைகளில் அதே பழுது இருந்தது. டிவியில் மூன்று அம்புக்குறிகள் ஆயின. போகும்போது பையர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

அன்றே சம்மதம் சொல்லவில்லை. நாற்பதையும் தனித்தனியே பார்த்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். சம்மதம் வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் மாடியில் யாரும் சரியாகச் சிரிக்கவில்லை. முதலாளி மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன். செல்வினை ஒன்றும் சொல்லவில்லை. குகை வேலை அவரிடமே இருந்தது. இன்று நீங்கள் யாரைக் கேட்டுக் கடலுக்குள் ஒரு கல்லை நகர்த்துகிறீர்களோ, அவர்தான். அன்றைக்குப் பிறகு இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "எக்கா, நீங்க எம்பேரக் காப்பாத்துனியளா கெடுத்தியளான்னு எனக்கு இன்னும் புரியல. ஆனா ராத்திரி தூக்கம் வந்துச்சு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் ஏதோ விழுந்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது பெரிதாக ஒன்றுமில்லை. மூச்சு முட்டும்போது எந்தச் சுவிட்சின் மேலும் கை வைக்காதீர்கள். முதலில் மூச்சு விடுங்கள், சத்தமாக விட்டாலும் பரவாயில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதாதீர்கள். எழுதிவிட்டால், அதை வேறு யாராவது சுமக்கும் முன்பு சொல்லிவிடுங்கள்.

இனி அந்த அறிக்கைக்கு வருகிறேன். பழுது சரியான பிறகு, கையெழுத்துப் போடுவதற்காக நான் பதினேழாம் குகைக்குள் போனேன். தலையை நீட்டினேன், கோடு நிறைந்தது, மூச்சு விட்டேன். நிமிர்ந்து பார்த்தால் கூரையில் ஒரு சிவப்பு அம்புக்குறி. நான் உடனே பழுது அறிக்கை எழுதினேன். "தேவையற்றது, நீக்கவும்" என்று, கிட்டத்தட்ட உங்கள் வார்த்தையிலேயே. செல்வின் அதைத் திருப்பி அனுப்பினார். நேரில் போய்க் கேட்டதற்கு, "அது இருக்கட்டும்க்கா" என்றார். அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. விளையாட்டு வெளிவந்த பிறகு, எங்கெங்கோ இருக்கிறவர்கள் அது புதையலுக்கு வழி காட்டுகிறது என்று நம்பி, அம்பு காட்டும் பக்கமாக நீந்திப் போய்ப் பாறையில் முட்டிச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒன்றுமே கிடையாது. அன்று டிவியில் நான் அம்புக்குறி ஒட்டிய அதே இடம் அது; உண்மையில் பழுது இருந்த திசை பார்த்து ஒட்டியிருந்தால், அது சுவர் ஓரமாக நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தான் காட்டியிருக்கும்.

மூன்றாவது மேசைக்காரரே, என் பெயரைக் கம்ப்யூட்டரிலிருந்து இன்னும் எடுக்கவில்லை போலிருக்கிறது, உங்கள் அறிக்கையை இன்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீக்காததற்குக் காரணம் என்று கேட்கிற கட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "இந்தக் குகையை நான் பார்த்துவிட்டேன். மற்ற முப்பத்தொன்பதையும் நீங்கள் பாருங்கள். ஈஸ்வரி, செக்கிங்."